ஓரணாச் சோறு

தியாகராய நகர் என்று முழுப் பெயரையும் சொல்லுகிறவர்கள் சென்னையில் அருகி விட்டார்கள். "டி. நகர்" என்றால் போதும்; ஆட்டோக்காரர் மேற்கொண்டு ஒரு வார்த்தை கேட்கமாட்டார், கூலியைத் தவிர. பட்டுப் புடவைக்கும் தங்கச் சங்கிலிக்கும் எவர்சில்வர் குடத்துக்கும் ஜனங்கள் அலை மோதுகிற அந்த வீதிகளில் நின்றுகொண்டு, "ஐயா, இந்தத் தியாகராயர் யார்?" என்று கேட்டுப் பாருங்கள். பத்துப் பேரில் ஐந்து பேர் திருவையாற்றுத் தியாகராஜ சுவாமிகளைச் சொல்லக்கூடும். மற்ற ஐந்து பேருக்கு நின்று பதில் சொல்ல நேரமிராது.

பெரிய ஏரியொன்றைத் தூர்த்து 1920-களில் அந்தப் பேட்டையை உண்டாக்கியவர்கள் அன்றைய ஜஸ்டிஸ் கட்சிக்காரர்கள். தங்கள் கட்சியின் அங்கத்தினர் ஜாபிதாவைத் தெருத் தெருவாக எழுதி வைத்துவிட்டுப் போனது போலத்தான் இருக்கிறது அங்குள்ள பெயர்களைப் பார்த்தால். பனகல் ராஜாவுக்கு ஒரு பூங்கா. டாக்டர் நடேச முதலியாருக்கு ஒரு பூங்கா. டாக்டர் நாயருக்கு ஒரு சாலை. உஸ்மானுக்கு ஒரு சாலை. ஊர் முழுவதும் சர். பிட்டி தியாகராய செட்டியாருக்கு. வண்ணாரப்பேட்டைப் பக்கத்து நெசவு முதலாளி. 1882 முதல் சென்னைக் கார்ப்பரேஷனில் அங்கத்தினர். பிறகு அதன் தலைவர். அவருடைய அரசியலைப் பற்றி நல்லதும் பொல்லாததுமாக எத்தனையோ எழுதியிருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது அரசியல் அல்ல. ஓர் அணாவைப் பற்றி.

ரூபாயில் பதினாறில் ஒரு பங்கு ஓர் அணா. அதை நினைவில் வைத்துக்கொண்டு, முதலில் அடையாற்றுக்குப் போய் வருவோம்.

தியாஸபிகல் சங்கத்தார் 1882-இல் அடையாற்றங்கரையில் தோட்டமும் வீடுமாக வாங்கிக் குடியேறினார்கள். அவர்கள் தலைவர் கர்னல் ஆல்காட் ஓர் அமெரிக்கர். அந்த நாட்டு உள்நாட்டு யுத்தத்தில் சேவை செய்தவர். தோட்டத்துக்குள்ளே உலகத்து மதங்களின் தத்துவம் எல்லாம் அலசப்பட்டுக்கொண்டிருந்த போது, வேலிக்கு வெளியே ஊரூர் சேரிப் பிள்ளைகள் ஆனா ஆவன்னா கூடத் தெரியாமல் திரிந்து கொண்டிருந்தார்கள். இது ஆல்காட்டின் கண்ணை உறுத்தியிருக்க வேண்டும். 1894-இல் அவர்களுக்கென்று ஓர் இலவசப் பள்ளிக்கூடத்தைத் திறந்தார். சில ஆண்டுகளுக்குள் கோடம்பாக்கம், தேனாம்பேட்டை, மயிலாப்பூர் என்று வேறு பள்ளிகளும் கிளம்பின. மயிலாப்பூர்ப் பள்ளிக்கு வைத்த பெயர் திருவள்ளுவர். அதைவிடப் பொருத்தமான பெயர் கிடைத்திராது. அமெரிக்காவிலிருந்து மிஸ் பால்மர், மிஸ் கோர்ட்ரைட் என்ற இரண்டு பெண்மணிகள் வந்து இந்தப் பள்ளிகளைப் பார்த்துக்கொண்டார்கள். அந்தக் குழந்தைகளுக்குக் கற்பிப்பது எப்படி என்று மிஸ் கோர்ட்ரைட் 1906-இல் ஒரு சிறு புத்தகமே எழுதியிருக்கிறார்.

இவற்றையெல்லாம் யாரோ வெள்ளைக்காரர் வந்து போட்ட பிச்சை என்று நினைத்துவிடக் கூடாது. அயோத்திதாச பண்டிதர் என்ற தமிழ் வைத்தியர் அப்போது சென்னையில் இருந்தார். தம் மக்களுக்குப் பள்ளிக்கூடம் வேண்டும் என்று அவர் மன்றாடவில்லை, வாதாடினார். 1898-இல் ஆல்காட்டுடன் இலங்கைக்குச் சென்று பௌத்தம் தழுவித் திரும்பினார். 1907-இல் ராயப்பேட்டையிலிருந்து ஒரு பத்திரிகை தொடங்கினார். பெயர் "ஒரு பைசாத் தமிழன்". விலையையே பெயராக வைத்த பத்திரிகை உலகத்தில் வேறு எத்தனை இருக்கும்? வாங்கிப் படிக்கக் கூடிய விலையில் எழுத்து இருக்கவேண்டும் என்பது அவர் கட்சி. எழுத்தைப் படிக்கத் தெரிய வேண்டுமே, அது அடுத்த பிரச்னை.

அந்தப் பிரச்னை எவ்வளவு பெரியது என்பதற்கு சர்க்கார் கணக்கே சாட்சி. 1919-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் சென்னை அரசாங்கம் பிறப்பித்த ஓர் உத்தரவில் ஒரு விவரம் கண்டிருக்கிறது. மாகாணத்தில் பொது நிர்வாகத்தில் இருந்த பள்ளிக்கூடங்கள் 8,157. அவற்றில் "பஞ்சமர்" பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்ட பள்ளிகள் 609. நூற்றுக்கு எட்டுக்கூட இல்லை! சட்டப்படி எந்தக் குழந்தைக்கும் கதவு சாத்தப்படவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். சட்டம் நல்ல சட்டம்தான். ஆனால் பள்ளிக்கூடம் அக்கிரகாரத்துக்குள் இருந்தது. அல்லது கோயிலைச் சேர்ந்த கட்டடத்தில் இருந்தது. கதவு திறந்திருந்தது, கதவுக்குப் போகிற தெருதான் திறந்திருக்கவில்லை. அப்படிப்பட்ட இடங்களில் பொதுப் பள்ளிக்கூடம் வைக்கக் கூடாது என்று சர்க்கார் சொல்லிற்று. சொன்னதைச் செய்ய வைக்கும் வேலை எம். சி. ராஜா போன்றவர்கள் தலையில் விழுந்தது. பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து சட்டசபைக்குப் போன அவருக்கு, பெஞ்சியில் யார் உட்காருகிறார்கள், வாசலில் யார் நிற்கிறார்கள் என்பது புள்ளி விவரம் பார்த்துத் தெரியவேண்டிய சங்கதியல்ல.

தெருவைத் தாண்டிப் பள்ளிக்குள் வந்தவனுக்கு அடுத்தபடியாகச் சோறு.

சோற்றுக்கும் படிப்புக்கும் உள்ள தொடர்பை முதலில் ஒரு மருத்துவர் கண்டுகொண்டதில் ஆச்சரியமில்லை. டாக்டர் நடேச முதலியார் திருவல்லிக்கேணியில் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியூர்களிலிருந்து காலேஜுக்குப் படிக்க வந்த பிராமணரல்லாத மாணவர்கள், தங்க இடமும் உண்ணச் சோறும் கிடைக்காமல் அலைவதைப் பார்த்தார். இடம் இருந்தது, சாப்பாட்டுக் கடைகளும் இருந்தன. "நீ என்ன ஜாதி?" என்ற கேள்விதான் வாசற்படியில் உட்கார்ந்திருந்தது. 1916-இல் அவர் "திராவிடர் இல்லம்" என்று ஒரு விடுதியைத் தொடங்கினார். அதிக நாள் அது நடக்கவில்லை. ஆனாலும் பின்னாளில் நிதி மந்திரியாக விளங்கிய ஆர். கே. சண்முகம் செட்டியார் அங்கே தங்கிப் படித்தவர்களில் ஒருவர் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அதே 1916 நவம்பரில்தான் தியாகராய செட்டியாரும் டாக்டர் நாயரும் நடேச முதலியாரும் கூடித் தங்கள் சங்கத்தை நிறுவினார்கள். ஒரு கட்சியின் ஜாதகத்தைக் கணிக்கிறவர்கள் கொள்கை அறிக்கைகளைத் தேடிப் படிக்கிறார்கள். அந்த விடுதிச் சமையலறையையும் கொஞ்சம் எட்டிப் பார்க்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

இனி அணாவுக்கு வருவோம்.

1920-ஆம் வருஷம் செப்டம்பர் 16-ஆம் தேதி. ரிப்பன் கட்டடத்தில் கார்ப்பரேஷன் கவுன்சில் கூடியிருந்தது. தலைவர் தியாகராய செட்டியார். ஆயிரம் விளக்கிலுள்ள கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்தில் படிக்கும் பிள்ளைகளுக்கு மத்தியானத்தில் ஆகாரம் கொடுப்பது, செலவு ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓரணாவுக்கு மேற்படக் கூடாது என்று தீர்மானம். அந்தப் பிள்ளைகள் ஏழைகள், அதனால் பள்ளிக்கூடத்தில் சேருகிறவர்களின் தொகை வெகுவாகப் பாதிக்கப்படுகிறது என்று தலைவர் விளக்கம் சொன்னார். அவ்வளவுதான். மேற்கோள் காட்டுவதற்கு ஒரு வரிகூடக் கிடைக்காத, கணக்குப்பிள்ளைத்தனமான காரணம். "பசித்த வயிறு", "நாட்டின் எதிர்காலச் செல்வங்கள்" என்றெல்லாம் யாரும் கண்ணீர் விட்டதாகத் தெரியவில்லை. பிள்ளைகள் வரவில்லை, சோறு போட்டால் வருவார்கள், போடுவோம். வியாபாரியின் மூளை அப்படித்தான் வேலை செய்யும். தரும சிந்தனையைவிட இந்த மூளை அதிக தூரம் போகும் என்று எனக்குச் சில சமயம் தோன்றுவதுண்டு.

பலன் தெரியாமல் போகவில்லை. ஆயிரம் விளக்கில் ஆரம்பித்தது சேப்பாக்கம், மீர்சாகிப்பேட்டை என்று மொத்தம் ஐந்து பள்ளிகளுக்குப் பரவியது. 1922-23-இல் அந்த ஐந்து பள்ளிகளிலும் படித்தவர்கள் 811 பேர். 1924-25-இல் 1,671 பேர். இரண்டே வருஷத்தில் இரட்டிப்புக்கு மேல்! வாத்தியார்கள் திடீரென்று இரு மடங்கு நல்லவர்களாக ஆகிவிடவில்லை. பாடப் புத்தகம் மாறவில்லை. தாய் தகப்பன்மார்களுக்குக் கல்வியின் பெருமையைப் பற்றி யாரும் காலட்சேபம் செய்யவில்லை. ஓரணா.

இந்த இடத்தில் சீமையில் நடந்ததையும் சொல்ல வேண்டும். ஏனென்றால் "நமக்கு எல்லாம் அங்கிருந்துதான் வந்தது" என்பவர்களும் உண்டு, "எல்லாவற்றையும் நாமே கண்டுபிடித்தோம்" என்பவர்களும் உண்டு. இங்கிலாந்தில் 1870 முதல் தொடக்கக் கல்வி பரவி, பிறகு கட்டாயமும் ஆயிற்று. கட்டாயம் செய்த பிறகுதான், வெறும் வயிற்றோடு வந்து பெஞ்சியில் தலை சாய்க்கும் பிள்ளைகள் சர்க்காரின் கண்ணில் பட்டார்கள். போயர் யுத்தத்துக்கு ஆள் எடுக்கப் போனபோது, வந்த வாலிபர்களில் பலர் பட்டாளத்துக்கு லாயக்கில்லாமல் நோஞ்சானாக இருந்தது இன்னோர் அதிர்ச்சி. பிராட்ஃபோர்டு நகரத்துக்காரர்கள் சிலர் விடாமல் வாதாடியதன் பேரில் 1906-இல் பள்ளிச் சாப்பாட்டுச் சட்டம் வந்தது. அதிலும் ஒரு கஞ்சக் கணக்கு உண்டு: வரி மதிப்பில் பவுனுக்கு அரைப் பென்னிக்கு மேல் இதற்காக உள்ளூர் சபை வசூலிக்கக் கூடாது! "சோறு போட்டால் பெற்றோருக்குப் பொறுப்பு உணர்ச்சி போய்விடும்" என்று அங்கேயும் பெரிய மனிதர்கள் கவலைப்பட்டார்கள். மூன்று வேளையும் தவறாமல் சாப்பிடுகிறவர்களுக்குத்தான் இந்தக் கவலை எப்போதும் வருகிறது. 1914-இல் அந்த அரைப் பென்னி வரம்பை எடுத்துவிட்டார்கள். ஆகவே தியாகராய செட்டியார் செய்தது உலகம் காணாத புதுமை அல்ல. ஆனால் இங்கிலாந்தில் ஒரு சாம்ராஜ்யத்தின் பார்லிமெண்டு செய்ததை, இங்கே ஒரு நகரசபை தன் கைக்காசைக் கொண்டு செய்து பார்த்தது. இங்கே கட்டாயக் கல்வி என்பது அப்போது வெறும் பேச்சு. கோகலே கொண்டுவந்த மசோதாவை 1912-லேதான் மத்திய சட்டசபையில் 38-க்கு 13 என்று தோற்கடித்திருந்தார்களே!

சென்னையில் வந்த முட்டுக்கட்டை வேறு ரகம். 1920-இல் சென்னை மாகாணத்துக்குத் தொடக்கக் கல்விச் சட்டம் ஒன்று வந்தது. அதன்படி தொடக்கக் கல்வி நிதி என்று ஒரு தனிப் பெட்டி ஏற்பட்டது. கார்ப்பரேஷன் அந்தப் பெட்டியிலிருந்து சோற்றுச் செலவைச் செய்தது. அரசாங்கம் அதை ஒப்புக்கொள்ளவில்லை. கல்வி நிதி கல்விக்கு, சோறு கல்வியாகுமா? 1925 ஏப்ரல் 1-ஆம் தேதியோடு ஐந்து பள்ளிகளிலும் அடுப்பு அணைந்தது.

முட்டாள்கள் தினத்தைப் பார்த்து இந்தத் தேதியை யாரும் பொறுக்கவில்லை. அது வருஷக் கணக்குத் தொடங்கும் நாள். இதில் உறுத்துகிற விஷயம் வேறு. அப்போது மாகாணத்தில் மந்திரிசபை யாருடையது? பனகல் ராஜாவினுடையது. கல்வி இலாகா யார் கையில்? ஏ. பி. பாத்ரோ என்ற ஜஸ்டிஸ் கட்சி மந்திரியின் கையில். தியாகராயர் கட்டிய கட்சியின் ஆட்சியிலேயே, தியாகராயர் மூட்டிய அடுப்பு ஒரு தணிக்கைக் குறிப்பால் அவிந்தது. அதே 1925-இல் அவரும் காலமானார். நகரத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள், பூங்காக்களுக்கு அவர் நண்பர்கள் பெயரை வைத்தார்கள். அந்த அணாவைக் காப்பாற்றியிருந்தால் பெயர்ப் பலகையைவிட அது நல்ல ஞாபகச் சின்னமாக இருந்திருக்கும் என்று சொன்னால், ஜஸ்டிஸ் கட்சியின் அபிமானிகள் என்னைக் கோபிக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

எதிர்க் கட்சி மட்டும் என்ன வாழ்ந்தது? அந்த 1924, 25-ஆம் வருஷங்களில்தான் திருநெல்வேலி ஜில்லாவில் சேரன்மாதேவி குருகுலத்துச் சாப்பாட்டுச் சண்டை தமிழ்நாட்டையே கலக்கிக்கொண்டிருந்தது. வ. வே. சு. ஐயர் தேசபக்தியில் யாருக்கும் சளைத்தவரல்லர். காங்கிரஸின் பண உதவி பெற்ற அந்தக் குருகுலத்தில் இரண்டு பிராமணப் பையன்களுக்குத் தனிப் பந்தி போட்டார்கள் என்று புகார் கிளம்பி, டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் கிளர்ச்சி செய்தார்கள். ஐயர் 1925 ஜூனில் பாபநாசத்து அருவியில் மாண்டுபோனார். பள்ளிக்கூடத்தில் சோறு என்றாலே "யாருக்கு?" என்று ஒரு கேள்வியும், "யாரோடு உட்கார்ந்து?" என்று இன்னொரு கேள்வியும் கூடவே வரும். முதற் கேள்விக்கு அணாக் கணக்கில் விடை உண்டு. இரண்டாவதற்கு இல்லை.

பெண்கள் விஷயத்தில் அந்த இரண்டாவது கேள்விதான் முழுக்க முழுக்க.

1886-ஆம் வருஷம் ஜூலையில் புதுக்கோட்டையில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஆகஸ்டில் மயிலாப்பூரில் ஒன்று. மயிலாப்பூர்க் குழந்தை சுப்பலட்சுமி. பதினொரு வயதில் கல்யாணம், சீக்கிரத்திலேயே வைதவ்யம். அக்காலத்து அக்கிரகாரத்தில் அத்துடன் கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் தகப்பனார் சுப்பிரமணிய ஐயர், மரமத்து இலாகா எஞ்சினீயர், பெண்ணைப் படிக்க வைத்தார். 1911-இல் பிரஸிடென்ஸி காலேஜில் பி. ஏ. பட்டம் பெற்றாள். சென்னை ராஜதானியில் பட்டம் பெற்ற முதல் ஹிந்து விதவை என்று பெயர். "சிஸ்டர்" சுப்பலட்சுமி என்று ஊரே கூப்பிட்டது. தம்மைப் போன்ற சிறுமிகளை நாலு பேராகச் சேர்த்து வீட்டில் வைத்துக்கொண்டு படிக்க வைத்ததுதான் அவர் காரியத்தின் ஆரம்பம். 1917-இல் கடற்கரையில் இருக்கும் ஐஸ் ஹவுஸை அரசாங்கம் விலைக்கு வாங்கியது. பெண்களெல்லாம் அங்கே குடிபோனார்கள். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842-இல் கட்டிய கட்டடம் அது. 1897-இல் விவேகானந்தர் தங்கிய இடம். இப்போது அவர் பெயராலேயே விளங்குகிறது.

இதைப் போற்றுகிறவர்கள் சொல்லாமல் விடுகிற ஒன்றை நான் சொல்லிவிடுகிறேன். அந்த விடுதி பிராமண விதவைகளுக்கு மட்டும். அப்படி இல்லாவிட்டால் ஒரு பெற்றோரும் பெண்ணை அனுப்பியிருக்க மாட்டார்கள் என்பது உண்மை. சர்க்கார் பணத்தில் நடந்த இடம் ஒரு ஜாதிக்கு மட்டும் திறந்திருந்தது என்பதும் உண்மை. இரண்டு உண்மைகளில் ஒன்றைக் காட்டி மற்றதை மறைக்க வேண்டியதில்லை. சிஸ்டருக்கே இது தெரிந்துதான் இருந்தது. பிற்பாடு, 1927-இல், சாரதா வித்தியாலயத்தை அவர் தொடங்கினார். அது ராமகிருஷ்ண மிஷனின் கைக்கு வந்து, இதே தியாகராய நகரில் உஸ்மான் சாலையில் வேரூன்றியது.

புதுக்கோட்டைக் குழந்தை முத்துலட்சுமி. தாயார் தேவதாசி மரபில் வந்தவர். 1912-இல் டாக்டர் பட்டம். 1927-இல் சட்டசபைக்குள் சென்ற முதல் பெண். அங்கேயே உப தலைவர். பொட்டுக் கட்டும் வழக்கத்தை ஒழிக்க அவர் கிளப்பிய கிளர்ச்சியைக் கேள்விப்பட்டு, 1930-இல் அந்த வாழ்க்கையிலிருந்து தப்பிய மூன்று பெண்கள் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். படிக்க வேண்டும், தங்க இடம் வேண்டும். பட்டணத்தில் பெண்கள் விடுதிகள் இருந்தன, பிராமணப் பெண்களுக்கு ஒன்று, பிராமணரல்லாத பெண்களுக்கு ஒன்று என்று. இரண்டிலும் இடமில்லை என்று விட்டார்கள்! எந்த ஜாதிப் பட்டியலிலும் சேராத மூன்று பெண்களுக்காக முத்துலட்சுமி ரெட்டி தம் வீட்டையே விடுதியாக்கினார். அதுவே ஔவை இல்லம். பிறகு அடையாற்றுக்குப் போய்ப் பள்ளிக்கூடமாகக் கிளைத்தது. ஆல்காட் பள்ளி இருக்கும் பக்கத்திலிருந்து அது நடந்து போகிற தூரந்தான். சென்னையில் கல்வி சரித்திரத்தை எழுதப் புகுகிறவர் பஸ்ஸுக்குப் பணம் செலவழிக்கத் தேவையில்லை.

காமராஜரும் இதே பேட்டைவாசிதான். திருமலைப் பிள்ளை சாலையில் வாடகை வீடு. ராஜாஜி 1953-இல் கொண்டுவந்த அரைநாட் பள்ளித் திட்டம், மீதி அரை நாளில் குலத் தொழில் என்ற பேச்சினால் பெரும் எதிர்ப்பைக் கிளப்பி அவருடைய மந்திரிசபையையே கவிழ்த்தது. 1954 ஏப்ரலில் காமராஜர் முதன் மந்திரியானார். அவர் காரில் போகும்போது மாடு மேய்க்கிற சிறுவன் ஒருவனிடம் "ஏன் படிக்கப் போகவில்லை?" என்று கேட்டதாகவும், "பள்ளிக்கூடத்தில் சோறு போடுவாயா?" என்று அவன் திருப்பிக் கேட்டதாகவும், அதிலிருந்து மதிய உணவுத் திட்டம் உதித்ததாகவும் சொல்வார்கள். ஊருக்கு ஊர் சிறுவனின் மாடு ஆடாகவும், கார் ரயில்வே கேட்டாகவும் மாறுவதைக் கேட்டிருக்கிறேன். கதை நல்ல கதை. ஆனால் அந்தப் பையனுடைய கேள்விக்கு ஆயிரம் விளக்கில் முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்பே விடை எழுதியாகிவிட்டது. மறந்து போயிருந்தோம், அவ்வளவுதான்.

காமராஜரும் கல்வி டைரக்டர் நெ. து. சுந்தரவடிவேலுவும் தியாகராயருக்கு ஏற்பட்ட கதி தங்களுக்கு ஏற்படாமல் பார்த்துக்கொண்டார்கள். கஜானாவை மட்டும் நம்பவில்லை. முதலில் ஊராரைக் கொண்டு சோறு போடச் செய்தார்கள். அரிசி ஒருவர், விறகு ஒருவர், கறிகாய் ஒருவர். ஊர் போட்டுக் காட்டிய பிறகு சர்க்கார் பங்கு கொடுக்க முன்வந்தது. ஒரு சாப்பாட்டுக்குப் பத்துப் பைசா. அதில் ஆறு பைசா சர்க்கார், நாலு பைசா ஊர். இதிலே ஒரு வேடிக்கை பாருங்கள். 1957-இல் பைசாக் கணக்கு வந்தபோது பழைய ஓரணாவுக்கு நிர்ணயித்த மதிப்பு ஆறே கால் பைசா. தியாகராயர் 1920-இல் போட்ட அதே அணாவைத்தான், கால் பைசா குறைத்துக்கொண்டு, காமராஜர் போட்டிருக்கிறார்! விலைவாசி இடையில் எங்கேயோ போய்விட்டது என்பதனால், 1920-ஆம் வருஷத்து அணாவுக்குச் சோறு இன்னும் தாராளமாகவே கிடைத்திருக்கும்.

மேற்கொண்டு நடந்தது அநேகமாக எல்லோருக்கும் தெரியும். 1982 ஜூலை 1-ஆம் தேதி எம். ஜி. ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். அப்போது பொருளாதார நிபுணர்கள் கஜானா திவாலாகிவிடும் என்றார்கள். அவர் மசியவில்லை. 1989-இல் கருணாநிதி முட்டை சேர்த்தார். இந்த ஒரு சமாசாரத்தில் மட்டும் நம் கட்சிகள் ஒருவர் வைத்த உலையை மற்றவர் கவிழ்க்காமல், மேலே மேலே பாத்திரம் வைத்துக்கொண்டு போயிருக்கின்றன. டில்லிக்கு இந்த வாசனை எட்ட இன்னும் நாளாயிற்று. 1995-இல் மத்திய சர்க்கார் ஒரு திட்டம் போட்டது. பல மாகாணங்களில் சோற்றுக்குப் பதில் மாதம் ஒரு முறை தானியத்தை அளந்து பையில் போட்டு அனுப்பினார்கள். அது வீட்டுக்குப் போகும். பிள்ளையின் வயிற்றுக்கா போகும்? உணவு தானியம் கிடங்கில் மக்கிக் கிடக்க ஜனங்கள் பட்டினி கிடக்கிறார்கள் என்று தொடுத்த வழக்கில், 2001 நவம்பர் 28-இல், சமைத்த சோறே போட வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. சோறு கல்வியாகுமா என்ற 1925-ஆம் வருஷத்துக் கேள்விக்கு எழுபத்தாறு வருஷம் கழித்துத் தீர்ப்பு!

பதினான்கு வயது வரை இலவசக் கட்டாயக் கல்வியைப் பத்தே வருஷத்தில் தருவதாக 1950-இல் அரசியல் சட்டம் சொல்லியிருந்தது. அதற்கான சட்டம் 2009-இல் இயற்றப்பட்டு, 2010 ஏப்ரல் 1-இல் அமலுக்கு வந்தது. மறுபடியும் ஏப்ரல் 1. ஆயிரம் விளக்கில் அடுப்பு அணைந்த அதே தேதி.

உலகத்தாரும் இப்போது இந்த வழிக்கு வந்திருக்கிறார்கள். 2022-ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் 41 கோடியே 80 லட்சம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் சாப்பிட்டதாக ஐக்கிய நாடுகளின் உணவுத் திட்டத்தார் கணக்கெடுத்தார்கள். பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாதவர்கள் 25 கோடியே 10 லட்சம் என்று 2024-இல் யுனெஸ்கோ சொல்லிற்று. அந்த இரண்டாவது தொகையைப் படித்தபோது, ஊரூர் வேலிக்கு வெளியே நின்ற பிள்ளைகளின் நினைவு எனக்கு வந்தது. தேசம்தான் மாறியிருக்கிறது, வேலி நிற்கிற விதம் அதுவே.

சென்னையில் 2022-இல் காலை உணவும் சேர்ந்தது. அவ்வாண்டு செப்டம்பர் 15-ஆம் தேதி மதுரையில் தொடங்கி, முதல் கட்டமாக 1,545 பள்ளிகளில் உப்புமாவும் கிச்சடியும் பொங்கலும் பரிமாறினார்கள். மறு ஆண்டு மாநிலத்தின் அரசு தொடக்கப் பள்ளிகளுக்கெல்லாம் அது விரிந்தது. பள்ளிக்கூடங்களைப் பார்த்து வந்த நண்பர் ஒருவர், "காலையில் லேட்டாக வரும் பையன்கள் குறைந்துவிட்டார்கள்" என்றார். தியாகராயர் கேட்டிருந்தால் தலையை ஆட்டியிருப்பார். அவர் எதிர்பார்த்ததும் அதுதானே?

அந்த இரண்டாவது கேள்வி, யாரோடு உட்கார்ந்து, யார் கையால் சமைத்து என்ற கேள்வி, மட்டும் அணாவுக்கும் பைசாவுக்கும் மசியவில்லை. 2018-ஆம் வருஷம் ஜூலையில் திருப்பூர் மாவட்டத்தில் அவிநாசிக்கு அருகே ஓர் அரசுப் பள்ளிக்கு ஒரு தாழ்த்தப்பட்ட வகுப்புப் பெண் சத்துணவுச் சமையலுக்கு வந்தார். அவர் சமைத்ததைத் தங்கள் பிள்ளைகள் உண்ணக் கூடாது என்று சில பெற்றோர்கள் பள்ளி வாசலில் கூடித் தகராறு செய்தார்கள். அதிகாரிகள் அந்த அம்மாளை வேறிடத்துக்கு மாற்றினார்கள். ஊரில் மற்றவர்கள் திரண்டு மறியல் செய்த பிறகு மாற்றல் ரத்தாயிற்று. தகராறு செய்தவர்கள் மீது வழக்குப் போட்டார்கள். அந்த அம்மாள் திரும்ப வந்து அதே பள்ளிக்கூடத்தில் அடுப்பை மூட்டினார்.